குடையை மடக்கச் சொன்ன பாட்டு

சுரண்டையிலிருந்து தர்ஷினி என்னைப் பார்க்க வந்திருந்தாள். கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் பாடுகிற பெண். சொந்தமாக ஒரு மெல்லிசைக் குழு வைத்திருக்கிறாள். குழு என்றால் அவள், கூடப் பாடும் ஒரு பையன், ஒரு லேப்டாப். வாத்தியங்கள் அத்தனையும் லேப்டாப்புக்குள் இருக்கின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் ஒரு வேன் நிறைய ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போவோம். அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு கடையநல்லூரில் இறங்கிவிட்டால் அன்றைக்கு டிரம்பெட் இல்லாத கச்சேரிதான். லேப்டாப் யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை.

வந்தவளுக்கு ஒரு சந்தேகம். இந்த சீசனில் குற்றாலத்து மேடையில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடியிருக்கிறாள். அந்தப் படம் வந்தபோது நான் கைக்குழந்தை. யாரோ அந்தப் பாட்டின் இரைச்சலை எல்லாம் நீக்கி, துடைத்து வைத்ததுபோல இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்துதான் டிராக் தயார் செய்திருக்கிறாள். பாட்டு நன்றாகத்தான் போயிருக்கிறது, கடைசி வரைக்கும்.

"ஆச்சி, முடியுத எடத்துல 'குடையை மடக்கு, குடையை மடக்கு'ன்னு ரெண்டு தடவ வருதுல்லா, அதைப் பாடி நிறுத்திட்டேன். டிரம் மட்டும் ஓடுது. அந்நேரம் கூட்டம் பூரா சேந்து மூணாவது தடவ பாடுது. பாடிட்டு எல்லாரும் குடையை மடக்கிட்டு நனையுதாங்க. பயந்தே போயிட்டேன். அந்த எடத்துல என்ன இருக்கு?"

மேடையில் இருந்தவரை நான் எல்லோருக்கும் அக்கா. மேடையை விட்டு இறங்கியதும் ஒரே வாரத்தில் ஆச்சியாகிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கிறது என்று சொன்னேன். அவள் உடனே லேப்டாப்பைத் திறந்து தேடப்போனாள். அதில் இல்லையடி என்று உட்கார வைத்தேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. ஊர் தென்காசி. தாவணி போட்ட வயதில் தொடங்கி, எனக்கு மருமகள் வந்த பிறகும் மெல்லிசை மேடைகளில் பாடிக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் கட்டிய தொண்டை பழையபடி திறக்கவே இல்லை, நிறுத்திக்கொண்டேன். அப்பா கோயில் திருவிழா வேலைகளைப் பார்த்துக்கொள்பவர். அண்ணன் போலீஸ். பாட்டு வாத்தியாரிடம் சரளி வரிசையில் ஆரம்பித்துக் கீர்த்தனை வரை வந்தேன், மார்கழியில் கோயிலில் பாடினேன். அங்கே என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அருணாசலம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்திப் பாட்டு மட்டும்தான் பாடச் சொல்லுவேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துப் போனார். அது எவ்வளவு அழகான பொய் என்று முதல் மாதத்திலேயே தெரிந்தது.

அருணாசலம் அண்ணாச்சி எங்கள் குழுவின் தலைவர். நெஞ்சில் மாட்டித் துருத்திபோல இழுக்கிற அக்கார்டியன் வாசிப்பார். இளம் வயதில் சென்னையில் சில வருடம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்துவிட்டு, இது சரிப்படாது என்று ஊர் திரும்பியவர். குள்ளமான மனிதர். அக்கார்டியனை மாட்டிக்கொண்டு நின்றால் முகமும் முழங்காலும்தான் வெளியே தெரியும். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது தப்பாக வாசித்தால், கட்டையை அழுத்தாமல் அக்கார்டியனின் காற்றை மட்டும் திறந்துவிடுவார். சுருதி ஒன்றும் இல்லாமல் "உஸ்" என்று ஒரு நீண்ட பெருமூச்சு வரும். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றும். போலீஸ்கார அண்ணனின் குரலுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அவர் ஒரு பாட்டை எடுக்கிற முறையைச் சொல்ல வேண்டும். இசைத்தட்டைப் போட்டுவிட்டு எல்லோரையும் சுற்றி உட்கார வைப்பார். முதல் தடவை தாளத்தை மட்டும் கேட்க வேண்டும். பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதன் பக்கம் காதைக் கொடுக்கக்கூடாது. அடுத்த தடவை அடியில் ஓடுகிற கனமான சத்தம் மட்டும். அதற்குப் பிறகு வாத்தியங்கள். குரல் கடைசியில்தான். இத்தனையும் ஆனபின் ஒரு விளையாட்டு வைப்பார். டிரம்பெட்காரர் கிளாரினெட்டின் பகுதியை வாயால் பாடிக் காட்ட வேண்டும், நான் பேஸ் கிட்டாரின் பகுதியைப் பாட வேண்டும். அடுத்தவன் பாடு என்ன என்று தெரியாதவனுக்கு அவன் பகுதி கிடைக்காது. தாளக்காரர்களின் பகுதிகூட எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அந்த மாதிரி ஒரு தலைவரிடம் வேலை பார்த்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லுவேன்.

"குடையை மடக்கு" பாட்டு நாங்கள் பாடிய மற்ற பாட்டுகளைப் போன்றது இல்லை. வெள்ளைக்காரன் நாட்டு நடன பாணியில் போட்ட மெட்டு. சுவிங் என்று அண்ணாச்சி சொல்லுவார். எங்கள் டிரம்ஸ்காரர் அதை முதலில் பிடிக்க முடியாமல் திணறினாராம். எல்லா அடியையும் ஒரே அளவாகப் போட்டால் பாட்டு மார்ச் பாஸ்ட் ஆகிவிடுகிறது. அண்ணாச்சி தன் செருப்பில் ஒன்றின் வாரைக் கழற்றிவிட்டு, அதை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடந்து காட்டினாராம். ஒரு கால் கொஞ்சம் நின்று இழுக்கும், அடுத்த கால் சட்டென்று எட்டி வைக்கும். வார் அறுந்தவன் நடையில் அடி, அவ்வளவுதான் சுவிங் என்றாராம். எனக்கும் அதையே சொல்லித்தான் சொல்லிக்கொடுத்தார். கீர்த்தனை பாடி வந்த என் நாக்குக்கு அந்த நொண்டல் வர ரொம்ப நாள் ஆனது.

படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் எங்கள் பக்கத்தில் ஓடியது. காரணம் காதர் பாய். தென்காசியில் ரேடியோ செட் வைத்திருந்தவர். சீசன் கடைகளுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது அவர்தான். சாரல் விழுகிற ஊருக்குப் பொருத்தமாக ஒரு பாட்டு கிடைத்ததே என்று அதையே தேய்த்துத் தேய்த்துப் போட்டிருக்கிறார். அந்த இசைத்தட்டு எங்கள் வட்டாரத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பாட்டைக் குற்றாலத்தில்தான் எடுத்தார்கள் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. விசாரிக்காமல் நானும் செய்திருக்கிறேன்.

பாட்டின் பல்லவியில் "குடையை மடக்கு" என்று இரண்டு முறை வரும். ஒவ்வொரு சரணம் முடிந்தும் அதே இரண்டு. கடைசியில் மட்டும் மூன்று. மூன்றாவது முடிந்ததும் டிரம் தனியாக ஒரு சுற்று ஓடும். பிறகு கடைசி வரி. அண்ணாச்சிக்கு அந்த மூன்றாவதின் மேல் அப்படி ஒரு பக்தி. சாதாரண ஆள் என்றால் கடைசியிலும் இரண்டோடு விட்டிருப்பான், பாட்டு முழுக்க இரண்டு இரண்டு என்று பழக்கிவிட்டு முடிக்கிற இடத்தில் மூன்றாவதைப் போட்டான் பார், அவன்தான் இசையமைப்பாளன் என்பார். புதிதாக யார் குழுவில் சேர்ந்தாலும் இந்தப் பாடம் உண்டு.

குற்றாலக் கச்சேரியில் அந்தப் பாட்டுக்கு வரிசை எண் கிடையாது. அண்ணாச்சி மலைப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார். மேகம் இறங்கிச் சாரல் கூட்டத்தின் மேல் வந்ததும், ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை முடித்துவிட்டு இதைத் தொடங்குவார். ஜனங்கள் குடையை விரித்திருப்பார்கள். கடைசியில் அந்த மூன்றாவது "குடையை மடக்கு" வந்ததும் அத்தனை பேரும் ஒன்றாகக் குடையை மடக்கிவிட்டு நனைவார்கள். யார் இதை ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே அது வழக்கமாக இருந்தது.

நான் கிளப் டான்ஸ் பாட்டுப் பாடுகிறேன் என்று வீட்டுக்குத் தெரிந்தபோது பெரிய சண்டை வந்தது. அண்ணன் குதித்தான். அப்பா, கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று குற்றாலத்துக்கு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றார். அன்றைக்குச் சாரல் நல்ல கனமாக விழுந்தது. வீட்டுக்கு வந்தபோது அவர் வேட்டி சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, கையில் மடக்கிய குடை இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, சரி பாடட்டும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பாட்டு எனக்கு வாங்கிக்கொடுத்தது என் தொழிலை. அதனால்தான் அதை என் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்து ஒரு சீசனில், ஐந்தருவியில் சிப்ஸ் கடை வைத்திருந்த சண்முகம் என்பவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த ஒரு வயதான அம்மா நின்றுவிட்டாராம். இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். இது எங்கள் ஊர்ப் பாட்டு என்றாராம் இவர். இது நான் பாடினது என்றாராம் அந்த அம்மா. சண்முகம் சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் ஆடினது நான்தான் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிப்ஸை வாங்காமல் மகளுடன் போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சண்முகத்துக்குக் கை ஓடவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு அண்ணாச்சியிடம் ஓடிவந்தார்.

அண்ணாச்சியும் நானும் விசாரித்துக்கொண்டு அந்த அம்மா தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனோம். மெலிந்த உருவம், சாயம் போன நூல் புடவை, பேச்சு மட்டும் திருத்தமாக இருந்தது. பெயர் சந்திரா. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க மகள் அழைத்து வந்திருந்தார். இசைத்தட்டில் அவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அண்ணாச்சி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் தலைவர் ஒருவர் முன்னால் அப்படி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாட்டின் கதையை அந்த அம்மாதான் சொன்னார். அவர் கோரஸ் பாடுகிற பெண். அன்றைக்குப் பாட வேண்டிய பெரிய பாடகி வரிகளைப் பார்த்துவிட்டு, ஹோட்டலில் ஆடுகிறவளுக்கு நான் பாட மாட்டேன் என்று போய்விட்டாராம். இசையமைப்பாளர் இங்கிலீஷ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஆசையாகப் போட்ட மெட்டு. கோவாக்காரர்கள் டிரம்பெட்டும் கிளாரினெட்டுமாக வந்து உட்கார்ந்தாயிற்று. யார் பாடுவது? கோரஸ் வரிசையில் தாளத்துக்குத் தோளை ஆட்டிக்கொண்டிருந்த இவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாராம். படப்பிடிப்பில் குழாய் மழை, காகிதக் குடை. குற்றாலத்தின் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் சத்தியம் அங்கேயே பொய்யாயிற்று.

படம் வந்ததும் பார்க்கப் போயிருக்கிறார். தியேட்டரில் படத்தை எடுத்துவிட்டார்களாம். இசைத்தட்டு வாங்க அப்போது வசதி இல்லை, வசதி வந்தபோது இசைத்தட்டு இல்லை. மறுபடி தனியாகப் பாட யாரும் கூப்பிடவில்லை, கடைசி வரை கோரஸ்தான். இதையெல்லாம் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. யாரோ தெரிந்தவருக்கு நடந்ததைப்போலச் சொன்னார்.

எங்கள் மேடையில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்புறம் அந்த அம்மாவே, ஜனங்களுக்கு முன்னால் அதை ஒரு தடவைகூடப் பாடினதில்லை, பாடிப் பார்த்துவிடுகிறேன் என்றார். ரிக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும், எதையும் மாற்றக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி அக்கார்டியனை எடுத்துவரச் சொல்லி அங்கேயே ஒத்திகை பார்த்தார். வயதான குரலுக்குத் தக்கபடி சுருதியை இறக்கினார். அந்த அம்மா பாடத் தொடங்கினார். குரலில் நடுக்கம் இருந்தது, ஆனால் அந்த இழுப்பும் எட்டி வைப்பதும் அப்படியே இருந்தன. நான் எத்தனையோ நாள் பாடுபட்டுப் பிடித்த நடையை அவர் சும்மா உட்கார்ந்தபடி நடந்தார். கடைசியில் இரண்டு முறை பாடி நிறுத்தினார். அக்கார்டியன் மூன்றாவதை வாசித்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க என்னத்த வாசிக்கிறீங்க? ரெண்டோட முடிஞ்சிடும். அப்புறம் டிரம்தான்."

"கடைசியில மூணுல்லா அம்மா," என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"நான் பாடினதை நான் மறக்கலைங்க. மறக்காம வெச்சுக்கிறதுக்கு எனக்கு வேற பாட்டு கிடையாது."

 அண்ணாச்சியின் அக்கார்டியன் "உஸ்" என்றது. இந்தத் தடவை அது யாரையும் திட்டவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சரி அம்மா, இரண்டுதான் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

நேரே காதர் பாயின் கடைக்குப் போனோம். பிளேயர் மோட்டார் போய்ப் பிரித்துக் கிடந்தது. பாய் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்திலிருந்து பார்த்தால் முடி அளவுக்கு ஒரு கீறல், பாட்டு முடிகிற பக்கத்தில்.

"கீறல் இருக்கது எனக்குத் தெரியுமே அண்ணாச்சி. ஊசி அங்கன வந்ததும் ஒரு சுத்து பின்னால விழுந்துரும். ஊசித் தலையில கனத்துக்கு ஒரு காலணாவ வச்சா ஒரு தடவ விழுந்துட்டுத் தாண்டிரும். ஒங்களுக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன். நீங்க மூணுன்னு எல்லாத்துக்கும் சொல்லிக்குடுத்தப்ப, அது ஏதோ சங்கீத சமாச்சாரம்னு விட்டுட்டேன்."

ஊசி பின்னால் விழுந்தது சரியாகத் தாளத்தில் விழுந்திருக்கிறது. அதனால் எவ்வளவு கூர்ந்து கேட்டும் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வரவில்லை. தாளத்தை முதலில் கேள் என்று சொல்லிக்கொடுத்தவரைத் தாளமே ஏமாற்றியிருக்கிறது. ஒரு இசையமைப்பாளரின் மேதைமை என்று இத்தனை காலம் அவர் கும்பிட்டது ஒரு கீறலும் ஒரு காலணாவும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அழுகையும் வந்தது.

குழுவில் யாருக்கும் இரண்டோடு நிறுத்த மனம் இல்லை. ஜனங்கள் மூன்றாவதுக்குக் காத்திருப்பார்கள், வராவிட்டால் கூச்சல் போடுவார்கள், அந்த அம்மாவுக்குத்தான் அவமானம் என்றார் டிரம்பெட்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது அவிய பாட்டு. அவிய எத்தன சொல்லுதாவளோ அத்தன."

 சுருதி இறங்கியதால் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் விரல் எல்லாம் மாறியது. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் புதிதாகப் பழகினார்கள். நான் பின்னால் நின்று கோரஸ் பாட வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. கோரஸுக்கு மைக் முன்னால் எங்கே நிற்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாதான் என் தோளைப் பிடித்து ஒரு அடி பின்னால் தள்ளி நிறுத்தினார். அதில் அவருக்கு இருந்த அனுபவம் எனக்கு இல்லை.

கச்சேரி அன்று சாயங்காலம் வெயில் அடித்தது. ஒவ்வொரு பாட்டாக முடிந்துகொண்டே வந்தது. அந்த அம்மா மேடை ஓரத்தில் மகளின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சியின் ஒரு கண் மலையில் இருந்தது. பொழுது சாயும் நேரம் மேகம் இறங்கியது. முன்வரிசையில் ஒரு குடை விரிந்தது. பிறகு பத்து, பிறகு மைதானமே குடையாகிவிட்டது. அண்ணாச்சி மைக்கில் வந்து, இந்தப் பாட்டைப் பாடியது யார் என்று இத்தனை வருடமாக நாம் கேட்டதில்லை, இவர்தான் என்று மட்டும் சொன்னார். கை தட்டுகிற சத்தம் அருவிச் சத்தத்தை மறைத்தது.

முதல் வரியில் குரல் கொஞ்சம் தட்டுத் தடுமாறியது. இரண்டாவது வரியில் நடை வந்துவிட்டது. சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரைச்சலிலும் அண்ணாச்சி அக்கார்டியனை எவ்வளவு மெதுவாக வாசித்தார் என்றால், குரல் எங்கே மூச்சு வாங்கியதோ அங்கே மட்டும் அது கேட்டது. நான் கோரஸை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர் இடித்ததும்தான் வாயைத் திறந்தேன்.

கடைசிப் பல்லவி வந்தது. குடையை மடக்கு. குடையை மடக்கு. நிறுத்தினார். டிரம் மட்டும் ஓடியது. கூட்டத்தில் அத்தனை கைகளும் குடைக் காம்பின் மேல் போய்க் காத்துக்கொண்டிருந்தன. ஒன்றும் வரவில்லை.  அப்போது கூட்டம் பாடியது. சொல்லி வைத்ததுபோல ஒரே குரலில், டிரம்மின் மேல், தாளம் தவறாமல் மூன்றாவது "குடையை மடக்கு." மைதானத்துக் குடைகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. அதுவரை கறுப்பாக இருந்த இடம் முழுக்க முகங்கள்.

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். கடைசி வரியை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. அவருடைய ஒரே பாட்டில், அவருக்கு முன்னாலேயே, ஊர் அவரைத் திருத்திவிட்டதே என்று நான் துடித்துப்போனேன். டிரம்ஸ்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி விரலைச் சுழற்றினார், நிறுத்தாதே என்று. டிரம் ஓடிக்கொண்டே இருந்தது. மழையில் நனைந்துகொண்டு நிற்கிற அந்த ஜனங்களை அந்த அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் பக்கம் திரும்பி, மறுபடியும் என்று தலையை ஆட்டினார்.

பல்லவி திரும்ப வந்தது. இரண்டு முறை பாடினார். பாடிவிட்டு மைக்கை வாயிலிருந்து இறக்கிக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். மூன்றாவது வந்தது. மறுபடி இரண்டு பாடினார், மறுபடி நீட்டினார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. மடக்க இனிக் குடை இல்லை, ஆனாலும் பாடினார்கள். அண்ணாச்சி வாசித்துக்கொண்டே அழுதார். இரண்டு கையும் அக்கார்டியனில் இருந்ததால் துடைக்க வழியில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் அந்த அம்மா கேட்டார், ஏன் மூன்று என்று. அண்ணாச்சி கீறலின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அந்த இசைத்தட்டைக் கேட்க வேண்டும் என்றார் அவர். மறுநாள் காலை காதர் பாய் மோட்டாரைச் சரி செய்து வைத்திருந்தார். கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தோம். பாய் காலணாவைத் தேடி எடுத்து வைத்து ஊசியை இறக்கினார். இளம்பெண்ணின் குரல் வந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கேட்டார். கடைசியில் ஊசி கீறலில் விழுந்து, பாடினதையே இன்னொரு தடவை பாடிவிட்டுத் தாண்டியது.

சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"போகாதேன்னு என் குரலை யாரோ புடிச்சு இழுத்த மாதிரி இருக்கு. நான் பாடின ஊர்ல யாரும் அப்படி இழுக்கலை."

 இன்னொரு தடவை போடச் சொன்னார். பாய் போட்டார். இனிமேல் எத்தனை பாட வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டபோது, அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார், இந்தப் பாட்டை அன்றாடம் பாடப்போகிறவள் நான் என்பதால்.

"நீங்க ரெண்டோட நிறுத்திடுங்கம்மா. மூணாவது அவங்களோடது. அதை மட்டும் மேடையிலேர்ந்து பாடாதீங்க."

அண்ணாச்சி அதைக் குழுவின் சட்டமாக்கினார். அதன்பிறகு நான் மேடையில் இருந்த காலம் முழுக்க, அந்த இடம் வந்ததும் மைக்கை இறக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அண்ணாச்சி அந்தப் பாடத்தையும் விடாமல் நடத்தினார். அங்கே இசையமைப்பாளர் பெயருக்குப் பதிலாகக் காதர் பாயின் பெயரைச் சொல்லுவார், அவ்வளவுதான் மாற்றம். சந்திரா அம்மா மறுபடி குற்றாலம் வரவில்லை. அவர் காலமான செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. மகள் அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னார். அந்த வாரக் கச்சேரியில் சாரல் இல்லாமலே அந்தப் பாட்டைத் தொடங்கினார் அண்ணாச்சி. ஒருவர் கையிலும் விரித்த குடை இல்லை. ஆனாலும் மூன்றாவது வந்தது.

தர்ஷினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கெட்டிக்காரி அல்லவா, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்ப அந்த ரெண்டாவதையே வெட்டி இன்னொண்ணா ஒட்டிருதேன் ஆச்சி. ஒரு நிமிஷ வேல."

ஒட்டாதே என்றேன். டிராக்கில் உள்ளபடி இரண்டோடு நிறுத்து, டிரம் ஓடும்போது மைக்கை இறக்கு, சும்மா நில் என்றேன். பாட வந்தவளுக்குச் சும்மா நிற்பதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

போன வாரம் அவள் கச்சேரிக்குக் குற்றாலம் போயிருந்தேன். அருணாசலம் அண்ணாச்சி இல்லை, காதர் பாய் இல்லை. சிப்ஸ் கடைச் சண்முகம் மட்டும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சாரல் வந்தது, பாட்டு வந்தது. தர்ஷினி இரண்டு பாடி நிறுத்தி மைக்கை இறக்கினாள். தொண்டை போனவள்தான் நான், ஆனாலும் பாடினேன். குடையை மடக்கிவிட்டு நன்றாக நனைந்தேன். சந்திரா அம்மா சொன்ன நாளிலிருந்து மேடையில் நான் பாடாமல் விட்ட அந்த மூன்றாவது இப்போது என்னுடையது. ஓய்வு பெற்றதில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான்.